கட்டளை மேலிருந்து, செலவு கீழிருந்து: பிரித்தானியக் கவுன்சில்களின் கணனிப் பாதுகாப்பு வரலாறு



சில வருடங்களுக்கு முன்னர் எங்கள் சமூக நிலையத்தில் ஒரு சனிக்கிழமை. வயோதிபர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்துக் கொண்டிருந்தோம். அங்கு வந்த ஒரு அம்மாவின் ஹவுசிங் பெனிபிற் விண்ணப்பம் வாரக்கணக்கில் கவுன்சிலில் தேங்கிக் கிடந்தது. தொலைபேசி எடுத்தால் "சிஸ்டம் வேலை செய்யவில்லை, பொறுத்திருங்கள்" என்ற ஒரே பதில்தான். எந்தக் கவுன்சில் என்பது இங்கே வேண்டாம். அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, கவுன்சிலின்ர கணனிக்குக் காய்ச்சல் வந்தால் நான் ஏன் வாடகை கட்டேலாமல் நிக்கோணும்?"

அன்றைக்கு என்னிடம் நல்ல பதில் இருக்கவில்லை. பின்னர் பழைய செய்திகளையும் அறிக்கைகளையும் தேடி வாசித்தபோது, அந்தக் கேள்விக்குள் ஏறத்தாழ இருபது வருட வரலாறு ஒன்று ஒளிந்திருப்பது தெரிந்தது. அந்த வரலாற்றைத்தான் இம்மாத உரையில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

கவுன்சில் என்றால் குப்பை எடுப்பவர்கள் என்று மட்டும் நினைக்கக் கூடாது. பிள்ளையின் பள்ளிக்கூட இடம், தற்காலிக வீடு, வாடகை உதவி, வயோதிபருக்கான வீட்டுப் பராமரிப்பு, பாதுகாப்புத் தேவைப்படும் பிள்ளைகளின் கோப்புகள் யாவும் அங்கேதான் இருக்கின்றன. அகதியாக வந்த எங்களைப் பொறுத்தவரை இன்னும் ஒருபடி மேல். நாங்கள் எந்த நாட்டிலிருந்து வந்தோம், விசா எந்த நிலையில் உள்ளது, என்ன வருத்தம், எந்த வங்கி என்பதெல்லாம் கடவுச்சீட்டுப் பிரதியோடு அந்தக் கணனிகளுக்குள் கிடக்கின்றன. ஒரு பிறப்புச் சான்றிதழுக்காகக் கச்சேரிக்கும் விதானையார் வீட்டுக்கும் நடந்து களைத்த சனம் நாங்கள். ஒரு கோப்பு தொலைந்தால் ஒரு வாழ்க்கை எப்படி நின்றுபோகும் என்பதை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இரண்டு தட்டுகள் தொலைந்த கதை

கதையை 2007ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவது பொருத்தம். அந்த வருடம் நவம்பர் 20ஆம் திகதி, அப்போதைய நிதியமைச்சர் அலிஸ்ரெயர் டார்லிங் பாராளுமன்றத்தில் எழுந்து ஒரு வெட்கக்கேடான செய்தியைச் சொன்னார். வரித் திணைக்களம் சாதாரண உள்ளகத் தபாலில் அனுப்பிய இரண்டு கணனித் தட்டுகள் காணாமற் போய்விட்டன. சைல்ட் பெனிபிற் எடுக்கும் குடும்பங்களைச் சேர்ந்த 25 மில்லியன் பேரின் பெயர், முகவரி, பிறந்த திகதி, நஷனல் இன்சூரன்ஸ் இலக்கம், வங்கிக் கணக்கு விபரங்கள் அந்தத் தட்டுகளில் இருந்தன. அன்று பிள்ளை வளர்த்த எங்கள் குடும்பங்களில் அநேகமாக எல்லோருடைய பெயரும் அதற்குள் அடக்கம். திணைக்களத்தின் தலைவர் பதவி விலகினார். தட்டுகள் கிடைக்கவில்லை.

இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். பிழை விட்டது மத்திய அரசின் திணைக்களம். ஆனால் அதன் பிறகு இறுக்கப்பட்ட விதிகள் கவுன்சில்களின் வாசலுக்கும் வந்தன. ஹவுசிங் பெனிபிற் கொடுப்பதற்குக் கவுன்சில்களுக்கு மத்திய அரசின் வேலை ஓய்வூதியத் திணைக்களத்தின் தகவல்கள் தேவை. அந்தத் தகவலை இனிப் பாதுகாப்பான ஒரு தனி வலையமைப்பு ஊடாகத்தான் பெறலாம் என்றும், அதில் இணைய வேண்டுமானால் நீண்டதொரு நிபந்தனைப் பட்டியலை நிறைவேற்ற வேண்டும் என்றும் சொல்லப்பட்டது. கவர்ன்மென்ற் கனெக்ற் என்பது அந்தத் திட்டத்தின் பெயர். இங்கிலாந்து, வேல்ஸ் கவுன்சில்கள் 2009ஆம் ஆண்டில் அதில் இணைவதற்கு ஓடுப்பட்டுத் திரிந்தன.

இலண்டன் மாநகரின் பெரிய கவுன்சில் ஒன்றுக்கு இது ஒரு தலையிடி, அவ்வளவுதான். கணனிப் பகுதியில் மூன்று நான்கு பேரை வைத்திருக்கும் கிராமப்புற மாவட்டக் கவுன்சிலுக்கோ இது ஒரு மலை. நிபந்தனை இரண்டுக்கும் ஒன்றே. ஆள்பலம் மட்டும் ஒன்றல்ல.

புழு நுழைந்த வருடம்

அதே 2009இல் விதிகள் எதற்கு என்பதை விளக்க ஒரு கணனிப் புழு வந்து சேர்ந்தது. கொன்பிக்கர் என்பது அதன் பெயர். பெப்ரவரி மாதம் மான்செஸ்ரர் மாநகரக் கவுன்சிலுக்குள் அது புகுந்தது. துப்புரவாக்கி முடிக்க ஏறத்தாழ 1.5 மில்லியன் பவுண் செலவானது. பஸ் ஓடும் பாதையில் கார் ஓட்டியவர்களுக்கு நேரத்துக்குத் தண்டச்சீட்டு அனுப்ப முடியாமல் 1,600க்கு மேற்பட்ட தண்டங்களைக் கைவிட வேண்டியும் வந்தது. தண்டம் தப்பியவர்கள் சிரித்திருப்பார்கள். ஆனால் அந்த ஒன்றரை மில்லியனும் கவுன்சில் வரி கட்டிய சனத்தின் காசு.

மே மாதம் அதே மாதிரி ஒரு தொல்லை ஈலிங் கவுன்சிலுக்கு வந்தது. கனகதுர்க்கை அம்மன் கோவில் தேருக்குப் போகும் எங்களுக்கெல்லாம் நன்கு தெரிந்த அதே ஈலிங்தான். ஊழியர் ஒருவர் வைரஸ் உள்ள யு.எஸ்.பி. குச்சி ஒன்றை அலுவலகக் கணனியில் செருகியதிலிருந்து அது தொடங்கியது. செலவு அரை மில்லியன் பவுண் வரை போனது. அங்கேயும் ஆயிரத்துக்கு மேற்பட்ட வாகனத் தரிப்புத் தண்டங்கள் கைவிடப்பட்டன. நூலகங்களும் வருமானத்தை இழந்தன.

இந்த இரண்டும் பெரிய கவுன்சில்கள். விழுந்தாலும் எழும்பக் கூடியவை. அப்போது யாரும் உரக்கக் கேட்காத கேள்வி ஒன்று இருந்தது: இதே புழு ஒரு சின்னக் கவுன்சிலுக்குள் புகுந்தால் என்னவாகும்?

வெட்டு விழுந்த காலம்

பிரித்தானியாவில் நீண்டகாலமாக ஒரு நல்ல கொள்கை உண்டு. மத்திய அரசு கவுன்சில்கள்மீது புதிய சுமை ஒன்றை ஏற்றினால் அதற்குரிய பணத்தையும் தானே கொடுக்க வேண்டும் என்பது அது. காகிதத்தில் அழகான கொள்கை. ஆனால் கணனிப் பாதுகாப்பு விதி ஒவ்வொன்றும் புதிய சுமையா, அல்லது நல்ல நிர்வாகம் என்ற பழைய கடமையின் பகுதியா என்று வாதாட இடமுண்டு. அந்த இடைவெளிக்குள்தான் சின்னக் கவுன்சில்கள் அகப்பட்டன.

2010இல் சிக்கன ஆட்சி தொடங்கியது. அரசின் தேசியக் கணக்காய்வு அலுவலகம் 2018இல் வெளியிட்ட கணக்கின்படி, 2010 முதல் 2018 வரையான காலத்தில் கவுன்சில்களுக்கான மத்திய அரசின் பணம், விலைவாசி ஏற்றத்தையும் கழித்துப் பார்த்தால், ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. வயோதிபர் பராமரிப்பையும் பிள்ளைகள் பாதுகாப்பையும் சட்டப்படி கைவிட முடியாது. ஆகவே கத்தி வேறிடங்களில் விழுந்தது. நூலகம், இளைஞர் நிலையம், வீதி திருத்தம் என்பன கண்ணுக்குத் தெரிந்த வெட்டுகள். பழைய கணனியை மாற்றாமல் விட்டதும், விலகிப்போன கணனி ஊழியரின் இடத்தை நிரப்பாமல் விட்டதும் கண்ணுக்குத் தெரியாத வெட்டுகள்.

விதிகளோ குறையவில்லை. பழைய வலையமைப்பின் இடத்துக்குப் பொதுச்சேவை வலையமைப்பு என்று புதிதாக ஒன்று வந்தது. வருடா வருடம் வெளியாரைக் கொண்டு கணனிகளைப் பரிசோதித்து, ஓட்டைகளை அடைத்து, சான்று பெற வேண்டும். தவறினால் இணைப்புத் துண்டிக்கப்படலாம் என்ற கடும் போக்கு 2013 அளவில் கடைப்பிடிக்கப்பட்டது.

2014 ஏப்ரல் 8ஆம் திகதி மைக்ரோசொப்ற் நிறுவனம் வின்டோஸ் எக்ஸ்பி மென்பொருளுக்கான பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்தியது. அரசாங்க அலுவலகங்கள் பலவற்றில் அப்போதும் எக்ஸ்பிதான் ஓடிக்கொண்டிருந்தது. அரசு சுமார் 5.5 மில்லியன் பவுண் கொடுத்து, பொதுத்துறை முழுவதற்கும் சேர்த்து மேலும் ஒரு வருடத்துக்கு அந்தத் திருத்தங்களை வாங்கியது. காலம் கடந்த வைத்தியம்தான். ஆனாலும் அதில் ஒரு பாடம் இருக்கிறது. ஒவ்வொரு கவுன்சிலும் தனித்தனியே மைக்ரோசொப்ற்றின் வாசலில் போய் நின்றிருந்தால் விலை என்னவாகியிருக்கும்? ஊர் கூடித் தேர் இழுப்பது போல எல்லோருக்குமாக ஒருவர் பேரம் பேசினால் சின்னவனுக்கும் கட்டுப்படியாகும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு திரும்பி வருவோம்.

கப்பம்

"கப்பம்" என்ற சொல்லுக்கு எங்கள் மத்தியில் விளக்கம் தேவையில்லை. 2010களின் நடுப்பகுதியில் இந்த நாட்டுக் கவுன்சில்களும் அந்தச் சொல்லின் பொருளை அறியத் தொடங்கின. கணனித் திருடர்கள் உள்ளே புகுந்து கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டு, திறப்பு வேண்டுமானால் காசு கொடு என்று கேட்பதற்கு ரான்சம்வேர் என்று பெயர்.

2016 ஜனவரியில் லிங்கன்ஷயர் கவுண்டிக் கவுன்சிலில் ஒரு மின்னஞ்சல் திறக்கப்பட்டதோடு இது நடந்தது. கணனிகள் அத்தனையும் நிறுத்தப்பட்டன. ஊழியர்கள் பேனையும் கடதாசியுமாக வேலை செய்தார்கள். கேட்கப்பட்ட கப்பம் ஒரு மில்லியன் பவுண் என்று முதலில் செய்தி வந்தது. பின்னர் அது வெறும் 500 டொலர் என்று தெரியவந்தது. கவுன்சில் கொடுக்கவில்லை. ஐந்நூறு டொலர் கேட்டவனால் ஒரு மாவட்டத்தின் நிர்வாகத்தையே நாட்கணக்கில் நிறுத்த முடிந்தது என்பதுதான் அங்கே முக்கியம்.

2017 மே 12ஆம் திகதி வன்னாக்கிரை என்ற தாக்குதல் வைத்தியசாலைகளை முடக்கியது பலருக்கு நினைவிருக்கும். அதே வருடம் ஓகஸ்ட் மாத வங்கி விடுமுறையில், கம்பிரியாப் பகுதியின் கோப்லண்ட் என்ற சின்ன மாவட்டக் கவுன்சில் தாக்கப்பட்டது. அதைப் பற்றி இலண்டனில் பெரிதாக யாரும் பேசவில்லை. எழுபதாயிரம் பேர்கூட இல்லாத அந்த மாவட்டத்துக்கு ஏற்பட்ட செலவு ஏறத்தாழ 2 மில்லியன் பவுண். மான்செஸ்ரர் மாநகரம் 2009இல் செலவழித்ததை விட அதிகம்! முன்பு யாரும் உரக்கக் கேட்காத கேள்விக்குப் பதில் இப்படி வந்தது. பூட்டப்பட்ட கணனியைத் திறக்கும் செலவு ஊரின் அளவைப் பார்த்துக் குறைவதில்லை.

2020 பெப்ரவரி 8ஆம் திகதி, ஒரு சனிக்கிழமை, வட இங்கிலாந்தின் ரெட்கார் அன்ட் கிளீவ்லண்ட் கவுன்சிலின் முறை. சுமார் 135,000 குடிமக்கள். கணனியும் இணையச் சேவைகளும் நின்றன. பராமரிப்பில் உள்ள பிள்ளைகளின் விபரங்களைப் பார்க்க முடியாமல் சமூக சேவையாளர்கள் திண்டாடினார்கள். இழப்பை 10.4 மில்லியன் பவுண் என்று கவுன்சில் மதிப்பிட்டது. மத்திய அரசு கொடுத்தது 3.68 மில்லியன். மிச்சம்? சேமிப்பிலிருந்தும் மற்றச் செலவுகளைக் குறைத்தும்தான் பார்க்க வேண்டும். வேறு வழி கவுன்சிலுக்கு இல்லை.

அதே வருடம் ஒக்ரோபரில் கிழக்கு இலண்டனின் ஹக்னி. அகதிகளும் குடியேறியவர்களும் செறிந்து வாழும் இடம். பெனிபிற் கணக்குகள், வீட்டுப் பட்டியல், வீடு வாங்குவோருக்குத் தேவையான காணித் தேடல் எல்லாம் நின்றன. சில சேவைகள் வழமைக்குத் திரும்ப 2022 வரை சென்றது. செலவு 12 மில்லியன் பவுணுக்கு மேல். 2021 ஜனவரியில் திருடர்கள் எடுத்த தகவல்களில் ஒரு பகுதியை இருண்ட இணையத்தில் போட்டார்கள்.

தகவல் ஆணையாளர் அலுவலகம் 2024 யூலையில் வெளியிட்ட கண்டன அறிக்கையை வாசித்தால் மனம் கனக்கும். குறைந்தது 280,000 குடிமக்களின் தகவல்கள் உள்ள 440,000 கோப்புகள் பூட்டப்பட்டன. இனம், மதம், உடல்நலம், குற்றப்பதிவு போன்ற தகவல்களும் அவற்றில் இருந்தன. உள்ளே நுழைந்த வழி? யாரும் பாவிக்காமல் விட்ட பழைய கணக்கு ஒன்று. அதன் பாதுகாப்பற்ற கடவுச்சொல்லை ஒருவரும் மாற்றவில்லை. வீட்டின் முன்கதவுக்கு இரும்புப்பூட்டுப் போட்டுவிட்டு, பின்வளவுப் படலையைக் கயிற்றால் கட்டி வைத்த கதைதான்.

ஹக்னியில் இன்னொன்றும் தெரிந்தது. ஏற்கெனவே வெளியே, கிளவுட் எனப்படும் சேவைகளுக்கு மாற்றப்பட்ட பகுதிகள் பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. மாற்றி முடிக்கப்படாமல் பழைய கணனிகளில் கிடந்தவையே அழிந்தன. தொடங்கிய வேலையை முடிக்கக் காலமும் காசும் இல்லாத இடத்தில்தான் திருடன் நின்றான்.

தீவுகளின் பாடம்

2021 டிசம்பரில் கிளோஸ்ரர் நகரக் கவுன்சில். நம்பிக்கையான வழங்குனர் ஒருவரோடு நடந்துகொண்டிருந்த கடிதத் தொடருக்குள் நுழைந்த மின்னஞ்சல் ஒன்றுதான் வழி. பெனிபிற் விண்ணப்பங்களும் வீடு வாங்கல் விற்றல் அலுவல்களும் மாதக்கணக்கில் தடைப்பட்டன.

2023 நவம்பரில் ஸ்கொட்லாந்தின் மேற்குத் தீவுகளின் கவுன்சில். அந்தத் தீவுகள் எல்லாவற்றிலும் சேர்த்து 26,000 பேர் வரையில்தான் வசிக்கிறார்கள். நெடுந்தீவு, நயினாதீவு, புங்குடுதீவு என்று தீவுகளில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். அரை நாள் வேலைக்கும் கடல் கடக்க வேண்டிய இடத்துக்குத் தகுந்த சம்பளமும் கொடுக்க முடியாமல் கணனி நிபுணரை எப்படிக் கூப்பிடுவது? கவுன்சிலின் நிதிக் கணக்குகள் பூட்டப்பட்டன; காப்புப்பிரதிகளும் தப்பவில்லை; வருடக் கணக்குகளை மீண்டும் கட்டியெழுப்ப வேண்டியதாயிற்று. நேரடிச் செலவு மட்டும் ஒரு மில்லியன் பவுணை நெருங்கியது. ஸ்கொட்லாந்தின் கணக்குகள் ஆணைக்குழு 2025இல் இதைப்பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது.

பணம் வந்த வழி

அப்படியானால் உதவியே வரவில்லையா என்று கேட்பீர்கள். நியாயமாகச் சொல்ல வேண்டும். வந்தது. ஆனால் எப்போது, எவ்வளவு என்பதுதான் கேள்வி.

2000களின் தொடக்கத்திலேயே கவுன்சில்கள் தமக்குள் எச்சரிக்கைகளைப் பகிர்ந்துகொள்ளும் சிறு வட்டங்கள் உருவாகின. பக்கத்து ஊருக்கு வந்த வைரஸ் எது, அதை எப்படி அடக்கினார்கள் என்பதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். இதற்குப் பெரிய காசு வேண்டியதில்லை, நம்பிக்கைதான் வேண்டும். 2016இல் தேசிய இணையப் பாதுகாப்பு நிலையம் தொடங்கப்பட்டது. ஆபத்தான இணைய முகவரிகளைத் தடுக்கும் வசதி போன்றவற்றை 2017 முதல் அது பொதுத்துறைக்கு இலவசமாகக் கொடுத்தது. ஒரு சின்னக் கவுன்சில் தன் காசில் ஒருபோதும் வாங்க முடியாத பாதுகாப்பு அது. 2018இல் உள்ளூராட்சிச் சங்கம் அரசின் பணத்தோடு இங்கிலாந்துக் கவுன்சில்களின் பலம் பலவீனங்களைக் கணக்கெடுத்து, குறைகளை நிரப்பச் சிறு மானியங்கள் கொடுத்தது.

ரெட்காரும் ஹக்னியும் விழுந்த பிறகே உண்மையில் பெட்டி திறந்தது. 2022 ஜனவரியில் வெளியான அரசின் பாதுகாப்புத் திட்டத்தில் கவுன்சில்களுக்கென்று 37.8 மில்லியன் பவுண் அறிவிக்கப்பட்டது. கேட்கப் பெரிய தொகைதான். ஆனால் இங்கிலாந்தில் அப்போது முந்நூறுக்கு மேற்பட்ட கவுன்சில்கள் இருந்தன. சமமாகப் பிரித்துப் பார்த்தால் ஒன்றுக்கு ஒரு இலட்சத்துச் சொச்சம் பவுண். அதுவும் ஒரு வருடத்துக்கல்ல, சில வருடங்களுக்கு. ரெட்கார் என்ற ஒரு கவுன்சிலின் இழப்பு 10.4 மில்லியன் என்பதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று எங்கள் ஆட்கள் சொல்வதை அரசாங்கமும் செய்தது.

2024 ஒக்ரோபரில் கவுன்சில்களுக்கென்று தனியான பாதுகாப்பு மதிப்பீட்டு முறை ஒன்றை அமைச்சு அறிமுகம் செய்தது. ஆபத்தை அறிந்து நிர்வகித்தல், தாக்குதலைத் தடுத்தல், நடந்தால் கண்டுபிடித்தல், சேதத்தைக் குறைத்து மீளுதல் என்பன அதன் நான்கு தூண்கள். பழைய முறையில் "ஆம், இல்லை" என்று பெட்டிக்குள் சரிபோட்டுச் சான்று வாங்கினார்கள். இதில் ஒவ்வொரு கவுன்சிலும் தன் நிலையைத் தானே யோசித்து எழுத வேண்டும். நல்ல முறைதான். ஆனால் யோசித்து எழுதுவதற்கும் ஆள் வேண்டுமல்லவா?

2025 யூலையில், கவுன்சில்கள் உட்பட்ட பொதுத்துறை கப்பம் கொடுப்பதைச் சட்டத்தால் தடைசெய்யப் போவதாக அரசு அறிவித்தது. கொள்கையளவில் இதை எதிர்ப்பது கடினம். கப்பம் கொடுத்தால் கேட்பவன் திரும்பவும் வருவான் என்பது நாங்கள் அனுபவத்தில் கண்டது. ஆனால் கொடுக்காதே என்று சட்டம் போடுபவர், கொடுக்காமல் மீண்டெழும் வழியையும் சேர்த்துத் தர வேண்டும்.

உறவுகள் வாழும் மற்ற நாடுகளில்

இது பிரித்தானியாவின் தனிக்கதை அல்ல. எங்கள் சொந்தங்கள் வாழும் மற்ற நாடுகளிலும் இதே கேள்விக்கு வெவ்வேறு விடைகளைத் தேடினார்கள்.

நோர்வேயில் ஏறத்தாழ 15,000 பேர் வாழும் ஊஸ்த்ர தூத்தன் என்ற சின்ன நகரசபை 2021 ஜனவரியில் தாக்கப்பட்டது. பாதுகாப்புக் குறைபாடுகளுக்காக அந்நாட்டுத் தகவல் பாதுகாப்பு அதிகாரசபை அதற்கு 4 மில்லியன் குரோணர் தண்டம் விதித்தது. தாக்குதலில் ஏற்கெனவே இழந்த ஊர், தண்டத்தையும் கட்ட வேண்டும். பிரித்தானியத் தகவல் ஆணையாளரோ 2022 முதல் பொதுத்துறைக்குப் பெரிய தண்டங்களைத் தவிர்த்துக் கண்டனத்தோடு நிறுத்தும் போக்கைக் கைக்கொண்டார். தண்டக் காசு கடைசியில் சேவை பெறும் சனத்திடமிருந்துதான் போகும் என்பது அவர் சொன்ன நியாயம்.

கனடாவின் ஹமில்ரன் மாநகரம் 2024 பெப்ரவரியில் தாக்கப்பட்டது. 18 மில்லியன் டொலருக்கு மேல் செலவு. நகரம் காப்புறுதி எடுத்து வைத்திருந்தது. ஆனால் கடவுச்சொல்லுக்கு மேலதிகமாகக் கைத்தொலைபேசிக்கு இரண்டாவது இலக்கம் வரும் முறை எல்லாப் பகுதிகளிலும் போடப்படவில்லை என்பதால் காப்புறுதிப் பணம் மறுக்கப்பட்டது. விதியை அரைகுறையாக நிறைவேற்றினால் காப்புறுதியும் கைவிடும்.

அமெரிக்காவில் 2019 ஓகஸ்ட் மாதம் ரெக்சஸ் மாநிலத்தின் இருபதுக்கு மேற்பட்ட சின்ன ஊர்களும் அமைப்புகளும் ஒரே நேரத்தில் முடக்கப்பட்டன. அவை கணனி வேலையை ஒரே வெளி நிறுவனத்திடம் கொடுத்திருந்ததுதான் காரணம். மாநில அரசின் குழுக்கள் ஊர் ஊராகச் சென்று திருத்திக் கொடுத்தன. 2021இல் அமெரிக்க மத்திய அரசு நான்கு வருடங்களுக்கு ஒரு பில்லியன் டொலர் ஒதுக்கிச் சட்டம் இயற்றியது. மாநிலங்கள் அதில் குறைந்தது 80 வீதத்தை உள்ளூராட்சிகளுக்குக் கொடுக்க வேண்டும், 25 வீதம் கிராமப்புறங்களுக்குப் போக வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதினார்கள். சின்னவனின் பங்கைப் பெரியவன் விழுங்காமல் காப்பது எப்படி என்பதற்கு இது ஒரு முன்மாதிரி. ஆனால் அங்கும் மாநிலங்களும் ஊர்களும் தமது பங்காக ஒரு வீதத்தைப் போட வேண்டும், அந்த வீதம் வருடத்துக்கு வருடம் கூடியது.

அம்மாவின் கேள்விக்குப் பதில்

இனி அந்த அம்மாவிடம் திரும்புவோம். அவர் ஏன் வாடகை கட்ட முடியாமல் நின்றார்?

இந்த வரலாறு எனக்குச் சொல்லும் பதில் இதுதான். விதி எழுதியவர்கள் ஒருபுறம், அதை நிறைவேற்ற வேண்டியவர்கள் மறுபுறம். இடையில் பணம் எப்போதும் பிந்தித்தான் வந்தது, அதுவும் ஒரு பேரழிவு நடந்த பிறகு. அந்த இடைவெளியின் விலையைக் கட்டியது கவுன்சில் வாசலில் நிற்கும் சனம். வங்கியில் சேமிப்பு உள்ளவர் மூன்று மாதம் பொறுக்கலாம். தற்காலிக வீட்டில் இருப்பவரால் மூன்று வாரம்கூட முடியாது.

வேலை செய்த வழிகள் எவை என்பதும் இதே வரலாற்றில் இருக்கிறது. 2014இல் எல்லோருக்குமாக ஒருவர் பேரம் பேசியதும், 2017இல் ஒரு மத்திய நிலையம் இலவசக் கருவிகளைக் கொடுத்ததும், கவுன்சில்கள் தமக்குள் எச்சரிக்கைகளைப் பகிர்ந்ததும் சின்ன ஊர்களுக்கு உண்மையில் பயன்பட்டவை. ஒருமுறை மானியம் கொடுத்துவிட்டுப் போவது போதாது. கணனி ஒருமுறை வாங்கினால் முடியும் பொருள் அல்ல, வருடா வருடம் பராமரிக்க வேண்டிய கிணறு.

ஆனால் கூட்டாகச் செய்வதிலும் அவதானம் வேண்டும். ரெக்சஸ் ஊர்கள் ஒரே நிறுவனத்தை நம்பியதால் ஒன்றாக விழுந்தன. இலண்டனிலும் 2025 நவம்பரில் கென்சிங்ரன் அன்ட் செல்சி, வெஸ்ற்மின்ஸ்ரர், ஹமர்ஸ்மித் அன்ட் புல்ஹம் என்ற மூன்று கவுன்சில்கள் ஒரே தாக்குதலால் சேர்ந்து பாதிக்கப்பட்டன. அவை கணனி வசதிகளைப் பகிர்ந்து பாவித்தவை. கென்சிங்ரன் கவுன்சிலின் தகவல்கள் பிரதி எடுக்கப்பட்டதும் உறுதியானது. ஒரே கிணற்றில் எல்லோரும் தண்ணீர் அள்ளலாம். ஆனால் அந்தக் கிணற்றுக்குக் காவல் இரட்டிப்பாக இருக்க வேண்டும்.

நேயர்களே, ஒரு காலத்தில் கவுன்சில் என்றால் பயந்து பயந்து வரிசையில் நின்றோம். இன்று வரி கட்டுகிறோம், வாக்குப் போடுகிறோம். பல கவுன்சில்களில் எங்கள் பிள்ளைகளே உறுப்பினர்களாக இருக்கிறார்கள். அடுத்த முறை உங்கள் கவுன்சிலர் கதவைத் தட்டும்போது, குப்பைத் தொட்டியைப் பற்றிக் கேட்டு முடித்த பிறகு மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கேளுங்கள். எங்கள் கோப்புகளின் காப்புப்பிரதி வலையமைப்புக்கு வெளியே தனியாக இருக்கிறதா, அதிலிருந்து மீட்டுப் பரீட்சித்துப் பார்த்தீர்களா? விலகிப்போன ஊழியர்களின் பழைய கணக்குகளை மூடினீர்களா? இந்த வேலைக்கு இந்த வருட வரவு செலவுத் திட்டத்தில் எவ்வளவு, அதில் மத்திய அரசு தந்தது எவ்வளவு?

மூன்றாவது கேள்விதான் முக்கியமானது. அதைக் கவுன்சிலரிடம் மட்டுமல்ல, உங்கள் பாராளுமன்ற உறுப்பினரிடமும் கேளுங்கள். கட்டளை போகும்போதே காசும் போக வேண்டும் என்று கேட்பதற்குக் கணனிப் படிப்புத் தேவையில்லை. அந்த அம்மா படிக்காமலேயே கேட்டுவிட்டார்.